நான்கு அரியர், மூன்றே நாளில் நிற்கும் டைம்டேபிள்: குறை விடாமுயற்சியிலா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல், நான்காவது செமஸ்டர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி, 600-க்கு 521. இப்போது நான்கு அரியர், அதாவது தேறாமல் பாக்கி நிற்கும் பேப்பர்: கணிதம் இரண்டு, இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் ஒன்று, தெர்மோடைனமிக்ஸ் ஒன்று. தினமும் ஆறு மணி நேரம் என்று டைம்டேபிள் போடுகிறீர்கள், மூன்று நாளில் நின்றுபோகிறது. தேர்வு நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது, ஹாலில் கை நடுங்குகிறது. "எனக்கு விடாமுயற்சி இல்லை, அதை எப்படி வளர்ப்பது?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "லாரி ஓட்டும் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு படித்தும் ஏன் வரவில்லை, கோளாறு என்னிடம்தானா என்ற பயம்தான் இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பத்தொன்பது வருடமாகப் பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் அரியர் மாணவர்களுக்கு மாலை வகுப்பு. மனநல ஆலோசனையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்திருக்கிறேன், ஆனால் நான் மருத்துவர் இல்லை. எந்த இடத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த விடாமுயற்சி. இதை அளவிட முடியும், வெற்றிக்கு இதுதான் காரணம் என்ற எண்ணம் பரவியதற்குப் பெரிய காரணம் ஏஞ்சலா டக்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. 'கிரிட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கடுமையான முதல் கோடைப் பயிற்சியில் யார் தாக்குப்பிடிப்பார்கள் என்பதைக் கூட அது ஓரளவு முன்கூட்டிச் சொன்னது. ஆனால் பத்து வருடம் கழித்து, 2017-இல், மார்கஸ் கிரெடேயும் இரண்டு சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 88 மாதிரிகள், ஏறக்குறைய 67,000 பேர். மதிப்பெண்ணுக்கும் கிரிட்டுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமானதுதான் என்று தெரிந்தது. அதோடு, கிரிட் என்று அளந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே உளவியலில் இருந்த 'பொறுப்புணர்வு' என்ற குணத்தோடு ஒன்றிப்போனது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். பயிற்சி கொடுத்து அந்தக் குணத்தை உயர்த்தினால் மதிப்பெண்ணும் உயருமா என்பது இன்னும் சந்தேகத்தில் இருக்கிற விஷயம். அதனால், முதலில் விடாமுயற்சியை வளர்த்துக்கொண்டு அப்புறம் படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

என் வகுப்பறையில் நான் கண்டது இதற்கு நேர்மாறான வரிசை. உழைப்புக்குப் பதில் வந்தால்தான் மனம் அங்கே நிற்கும். வயலில் இறங்குகிறவர் நாற்று பச்சை பிடிப்பதைப் பார்த்துத்தான் அடுத்த வாரமும் இறங்குகிறார். நீங்கள் மூன்று செமஸ்டராக உழைத்தும் பச்சை பிடிப்பதைப் பார்க்கவில்லை. அந்த நிலையில் டைம்டேபிள் மூன்று நாளில் நிற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் மூளை சரியாகத்தான் கணக்குப் போடுகிறது: இந்த வழியில் உழைத்தால் பலன் இல்லை. ஆகவே வழியைப் பார்ப்போம்.

நீங்கள் படிக்கிற முறையையும் எழுதியிருக்கிறீர்கள். லோக்கல் ஆத்தர் புத்தகத்தில் போட்டுக் காட்டிய கணக்குகளை வரிவரியாகப் படிப்பது, முக்கியமானதை மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவது, தேர்வுக்கு முந்தைய இரவு இன்னொரு முறை புரட்டுவது. ஏறக்குறைய எல்லா மாணவரும் இப்படித்தான் படிக்கிறார்கள், இதை யாரும் அவர்களுக்குத் தவறு என்று சொன்னதில்லை. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ஹாலில் வெள்ளைத் தாளைப் பார்த்ததும்தான் அந்த இரண்டும் வேறு என்று தெரிகிறது.

இதை ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் மிக எளிமையாகச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழாகிவிட்டது. நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆனால் படித்த அன்று "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு முறை படித்தவர்கள். இந்த ஆய்வை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வது அந்தக் கடைசித் தகவலுக்காகத்தான். நன்றாகப் படித்துவிட்டோம் என்ற உணர்வே நம்மை ஏமாற்றும். உங்களைப் போல நேர்மையாக உழைக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

கணிதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் புத்தகங்களில் ஒரே மாதிரி இருபது கணக்கு வரிசையாக இருக்கும். ஃபூரியர் தொடர் அத்தியாயத்தில் 'இரட்டைச் சார்பு' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே பத்து. அந்தப் பத்தையும் போட்டுவிடுவீர்கள், ஏனென்றால் எந்த வழி என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. கொடுத்த சார்பு இரட்டையா ஒற்றையா இரண்டும் இல்லையா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். இரட்டை என்று முதல் நிமிடமே கண்டுபிடித்தவருக்கு சைன் கெழுக்கள் எல்லாம் பூச்சியம், வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும். கண்டுபிடிக்காதவர் எல்லாவற்றையும் தொகையிட்டு, நடுவில் ஒரு மைனஸ் குறியைத் தொலைத்து, இருபது நிமிடத்தை விட்டுவிடுவார். அவருக்குத் தொகையிடத் தெரியும். எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கத்தான் ஒரு நாளும் பழகவில்லை.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் இதையே சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அவ்வளவாகப் பழகாத நான்கு திண்ம உருவங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு நான்கு வகையையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. நான் இதைப் படித்த வருடத்திலிருந்து என் அரியர் வகுப்பில் வரிசையாகக் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். ஐந்து யூனிட்டிலிருந்தும் கணக்குகளைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, வந்ததும் ஒன்றை எடுக்கச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. "சார், முன்னாடி வந்ததுகூட இப்போ வரமாட்டேங்குது" என்பார்கள். அந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அப்புறம் அவர்களே சீட்டு எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் முதல் அரியர் கணிதத்தில் அத்தியாயத்துக்கு ஆறு கணக்கு வீதம் முப்பது சீட்டு எழுதுங்கள். தினமும் இரண்டு எடுங்கள். நோட்டையும் புத்தகத்தையும் மூடிவிட்டுப் போடுங்கள். பாதியில் நின்றால் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றே பாருங்கள், அதன்பிறகு விடையைத் திறந்து எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துவைத்து, சீட்டைத் திரும்ப டப்பாவில் போடுங்கள். வந்துவிட்டால் சீட்டின் பின்னால் தேதி எழுதுங்கள். வெவ்வேறு வாரங்களில் மூன்று தேதி விழுந்த சீட்டு கையில் இருக்கிறது என்று அர்த்தம். நாற்று பச்சை பிடிப்பதை நீங்கள் இங்கேதான் பார்ப்பீர்கள். தெர்மோடைனமிக்ஸ் கணக்குகளுக்கும் இதே முறை. விதிகள், வரையறைகள், டூ மார்க் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் படித்து மூடி, வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள், போதும்.

ஆறு மணி நேர டைம்டேபிளைக் கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "மாலை மெஸ்ஸில் டீ குடித்து முடித்ததும், லைப்ரரியில் கடைசி மேசையில் உட்கார்ந்து, இரண்டு சீட்டு எடுப்பேன்." எப்போது, எங்கே, எது என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி ஒரு செயலை ஏற்கெனவே நடக்கிற இன்னொரு செயலோடு கட்டிவைப்பதை கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். 2006-இல் அவரும் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நினைத்ததைச் செய்து முடிப்பதில் இது நல்ல வித்தியாசம் தருகிறது என்று தெரிந்தது. ஒரு நாள் விட்டுப்போனால்? விட்டுப்போகும், உறவில் கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் 2010-இல் நடந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். ஒரே ஒரு ஆய்வு, சிறியது, அதனால் உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவமும் அதே பக்கம்தான். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் எட்டுச் சீட்டு எடுக்காதீர்கள். மறுநாளும் இரண்டுதான்.

தமிழ் வழியில் படித்து வந்தது பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதைக் குறையாகச் சொல்வது போல. நான் அதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். முதலாண்டில் உங்களைப் போன்றவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார்கள்: பாடத்தையும் படிக்கிறார்கள், பாடம் பேசும் மொழியையும் படிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேலைதான். 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, இப்படிப்பட்ட நல்ல பிள்ளைகள் என் வகுப்புக்கு அதிகமாக வருகிறார்கள். முதல் மாதம் ஒரு சோதனை செய்வேன். மேட்ரிக்ஸ் என்றால் விழிப்பவரிடம் 'அணி' என்பேன். உடனே நேர்மாறு காண்பது வரை சொல்லுவார். ஃப்ரிக்‌ஷன் என்றால் 'உராய்வு', ஈக்விலிப்ரியம் என்றால் 'சமநிலை', இன்டெக்ரேஷன் என்றால் 'தொகையிடல்'. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாதி விஷயம் வேறு பெயரில் வந்து நிற்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், கணிதப் புத்தகங்களை ஊரிலிருந்து எடுத்து வாருங்கள். மெக்கானிக்ஸ் அரியருக்கு முதல் வாரம் அந்தப் புத்தகத்தில் விசை, சமநிலை பகுதியைத் தமிழிலேயே படித்துவிட்டு, பிறகு கல்லூரிப் புத்தகத்துக்குப் போங்கள். இதற்கு நேரம் செலவாகும்தான், ஆனால் இதைச் செய்த யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

நான்கு பேப்பரையும் ஒரே தேர்வில் எழுதிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நடப்பு செமஸ்டர் பேப்பர்களையும் சேர்த்தால் அது ஒரு மனிதர் தாங்கக்கூடிய சுமை இல்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை இரண்டு. நீங்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதியில்) இருந்தால், தியரி பேப்பரில் இன்டர்னல், அதாவது கல்லூரிக்குள் போடும் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60 என்று எடுத்துக்கொண்டு, தேர்வில் குறைந்தது 45 சதவீதமும் மொத்தத்தில் 50-ம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் எந்தப் பேப்பரில் நன்றாக இருக்கிறதோ அதை முதலில் எழுதுங்கள், அதுதான் சீக்கிரம் கரையேறும். செமஸ்டர் தேர்வின் நூறு மதிப்பெண் வினாத்தாளில் (அதுதான் பிறகு 60-க்குக் குறைக்கப்படுகிறது) டூ மார்க் மட்டும் இருபது. அதைப் பயந்துகொண்டு கடைசிக்கு வைக்காமல் முதலில் முடித்துவிட்டால், கை நடுக்கமும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நடுக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஓரளவு பதற்றம் நல்லது, அளவு மீறினால் கெடுதல் என்று எல்லா மோட்டிவேஷன் வகுப்பிலும் ஒரு வளைகோடு வரைந்து காட்டுவார்கள். அதன் வேர் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனை. அதை அப்படியே தேர்வு ஹாலுக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று ரமிரெஸ், பைலாக் 2011-இல் காட்டினார்கள். பிறகு வந்த எல்லா ஆய்வும் அதை உறுதிசெய்யவில்லை. செய்வதால் கெடுதல் இல்லை, பிடித்தால் செய்யுங்கள். ஆனால் தூக்கத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. 2003-இல் வான் டோங்கன் குழு ஆரோக்கியமானவர்களைப் பதினான்கு நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தது. முடிவில் அவர்கள் கவனமும் வேகமும் முழு இரவு தூங்காதவர்கள் அளவுக்குக் கீழே போயிருந்தன. பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரியவில்லை. தேர்வு வாரத்தில் இரவு பன்னிரண்டுக்கு மேல் விழிப்பதை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் படிப்பது, மறுநாள் காலை உங்களிடமிருந்து பறிபோவதை ஈடுகட்டாது.

என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு மாணவி எல்லா இன்டர்னலிலும் சறுக்கிக்கொண்டே போனார். கூப்பிட்டுக் கூப்பிட்டு "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்ம்மா" என்றேன், ஒரு செமஸ்டர் முழுக்க. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆகி, நான்கு மணிக்கு எழுந்து வீட்டுக்குச் சமைத்துவைத்து, இரண்டு பஸ் மாறி அவர் வந்துகொண்டிருந்தார் என்பது அவர் படிப்பை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் இருந்த விடாமுயற்சியில் பாதிகூட என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு அரியரோடு வரும் எந்தப் பிள்ளையிடமும் முதலில் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், காலையில் என்ன சாப்பிட்டாய், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன். இதில் எதற்காவது பதில் சரியில்லை என்றால், சீட்டு டப்பாவுக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு உங்கள் கிளாஸ் அட்வைசரிடம் போய் உதவி கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நான் எழுதிய எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. தேர்வு இல்லாத நாட்களிலும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறையாவது வருகிறது என்றால், அதைப் படிப்புப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது, அதற்குச் சிகிச்சை வேண்டும், சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்ன அந்த எண்ணம் வந்திருந்தால், இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் இப்போதே அழையுங்கள். அறையில் உடன் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொல்வது பற்றி. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது, அதனால் முடிவு உங்களுடையது. என்னிடம் வந்த பெற்றோர்களில் பலருக்கு அரியரைவிட, அதை ஒன்றரை வருடம் மறைத்தார்கள் என்பதுதான் வலித்தது. வீட்டில் அடி விழும் என்ற பயம் இருந்தால் முதலில் அம்மாவிடமோ, உங்கள் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டோ சொல்லுங்கள். அப்படி இல்லை என்றால் நேரில் சொல்லுங்கள், திட்டத்தோடு சொல்லுங்கள்: நான்கு இருக்கிறது, இந்த முறை இந்த இரண்டை எழுதுகிறேன், இப்படிப் படிக்கிறேன் என்று தேதி விழுந்த சீட்டுகளைக் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு பத்துச் சீட்டிலாவது தேதி விழுந்திருக்கட்டும். அப்புறம் ஒன்று, அவர் வண்டியில் இருக்கும்போது போனில் சொல்ல வேண்டாம். லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு சொல்லுங்கள்.